கொல்மாரைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்

போன கிழமை வேலை முடிந்து லுசேர்ண் ஸ்டேஷன் பக்கம் நடந்து வந்தேன். இலையுதிர்காலச் சந்தை போட்டிருந்தார்கள். ராட்டினம், பஞ்சு மிட்டாய், மரத்தில் செய்த உதவாத சாமான்கள். வருடா வருடம் வருவதுதான், நான் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. பன்றிக் கொழுப்பில், அடுப்பைக் குறைத்து வைத்து, ஆறுதலாக வதக்குகிற வெங்காயம். எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேர் மூக்கை உயர்த்தி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் போய்க் கடைப் பலகையை வாசித்தேன். நினைத்தபடியேதான், கொல்மார் வெங்காயக் கேக்.

நீங்கள் கொல்மாருக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. பாசலில் எல்லையைக் கடந்து பிரான்ஸுக்குள் கொஞ்ச நேரம் ஓடினால் வருகிற சின்னப் பழைய ஊர். மரச் சட்டம் போட்ட வீடுகள், அவற்றுக்குக் கலியாண வீட்டுப் பலகாரத் தட்டு மாதிரி ரோஸ், மஞ்சள், பச்சை என்று பூச்சு. ஜன்னலுக்கு ஜன்னல் பூச்சட்டி. நடுவில் ஓடுகிற வாய்க்காலுக்கு வெனிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வெள்ளவாய்க்கால் அதைவிட அகலம். போகிறவர்கள் எல்லோரும் ஒரே பாலத்தில் நின்று ஒரே பக்கம் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்து, என்ன வடிவு, என்ன வடிவு என்று சொல்லி நம் உயிரை வாங்குவார்கள்.

அந்த ஊரைப் பார்ப்பதற்குப் பல வருடம் முன்பே நான் அதை வெறுக்கத் தொடங்கிவிட்டேன். அதற்கு எங்கள் செஃப் காரணம். சுவிஸுக்கு வந்து எனக்குக் கிடைத்த முதல் வேலை, லுசேர்ணில் ஏரியைப் பார்த்தபடி இருந்த ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுதல். பிறகு காய்கறி வெட்டுதல், பிறகு சூப். செஃப் கொல்மாரில் பிறந்தவர். பெரிய தொந்தி, சின்னக் கண், எப்போதும் யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும் வாய். அவருக்கு லுசேர்ணில் எதுவும் பிடிக்காது. எங்கள் ஊரில் முட்டைக்கோவா இப்படியா இருக்கும், எங்கள் ஊரில் பாண் இப்படியா இருக்கும், எங்கள் ஊரில் கோப்பை கழுவின தண்ணீர் இந்த சூப்பைவிடத் திறம் என்பார். கிச்சனில் நாங்கள் நாலு தமிழர். எங்களுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. எல்லோருமே ராஜாதான். ராஜா என்று கூப்பிட்டால் யார் முதலில் திரும்புகிறானோ அவனுக்கு வேலை. ஆகவே நாங்கள் ஒருவருமே திரும்பாமல் இருக்கப் பழகிக்கொண்டோம்.

அவர் ஊர் வெங்காயக் கேக் எங்கள் ஹோட்டலில் பேர்போனது. இனிப்புக் கேக் அல்ல. மாவைத் தட்டில் பரப்பி, வதக்கின வெங்காயத்தையும் பாலாடையையும் ஊற்றிச் சுடுவது. வெங்காயம் உரித்தவன் நான். மூட்டை மூட்டையாக உரித்திருக்கிறேன். கொழுப்பை உருக்கி வடித்தவனும் நான். பட்டர் போட்டால் போதாதா என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். செஃப் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கேக்கில் பட்டர் போடுகிறவன் கொல்மார்க்காரன் அல்ல, பன்றிக் கொழுப்பை மாவிலும் போட வேண்டும், வெங்காயத்திலும் போட வேண்டும், அது தெரியாதவன் பாரிஸில் போய்ச் சமைக்கட்டும் என்று கிச்சன் முழுவதும் கேட்கக் கத்தினார். கண்ணீர் வழிய நான் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தால் வந்த கண்ணீர்தான், ஆனாலும் அவரைப் பார்க்க விட்டேன். கொஞ்சமாவது குற்ற உணர்ச்சி வரட்டும் என்று. வரவில்லை.

சூப்புக்கு உயர்த்தினபோது சுவை பார்க்கும் வேலையும் சேர்ந்து வந்தது. மாட்டெலும்பும் இறைச்சியும் காலையிலிருந்து கொதிக்கும். ஒரு கரண்டி குடி, ஒரு துண்டு கடித்துப் பார், வெந்ததா சொல் என்பார் செஃப். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி என்ற சொல்லைச் சொன்னாலே வாய் கொப்பளிக்கச் சொல்வார்கள். ஆடு, கோழி, மீன் எல்லாம் உண்டு, வெள்ளிக்கிழமை அதுவும் இல்லை, மாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. முதல் தடவை கழிப்பறைக்கு ஓடினேன். இரண்டாம் தடவை ஓடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, பிறகு பிறகு எனக்குப் பிடித்துவிட்டது. செஃப் பார்க்காதபோதும் ஒரு துண்டு எடுத்து உப்புத் தூவிச் சாப்பிடத் தொடங்கினேன்.

அப்படி ஒரு துண்டு வாயில் இருக்கும்போதுதான் அண்ணை வந்தார்.

அண்ணை எனக்கு மூத்தவர். எங்களுக்கு முன்னே வந்து மலைப் பக்கத்தில் கூர் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர். தீட்சை வாங்கினவர், சுத்த சைவம், முட்டை போட்ட பிஸ்கட்கூடத் தொட மாட்டார். எங்கள் பக்கத்துக் கோயில் சபைக்குத் தலைவர். நெற்றியில் திருநீற்று மூன்று குறியும் அழியாமல் முதியவர்களுக்குக் குளிக்க வார்ப்பார். பொய் சொல்ல மாட்டார். இது புகழ்ச்சி அல்ல, முறைப்பாடு. பொய்யே சொல்லாத மனுசனோடு ஒரே குடும்பத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு லீவு. மத்தியானத்துக்கும் இரவுக்கும் இடையில் எங்களுக்குச் சிம்மர்ஸ்டுண்டெ என்று ஓய்வு கொடுப்பார்கள், அந்த நேரம் பார்த்துக் கடலை வடைப் பொட்டலத்தோடு பின் கதவால் வந்தார். என் கையில் எலும்பு. வாசலில் நின்று பார்த்தார். பொட்டலத்தைக் காய்கறிப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. கூரில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். கோயில் திருவிழாவில் பந்தி பரிமாறும்போது பழக்கம். என் இலையில் மட்டும் இரண்டு தரம் பாயசம் விழும். பிறகு ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டிலிருந்து கதைப்பேன். பெரிதாக ஒன்றும் இல்லை, அங்கே பனி கொட்டுகிறதா, இங்கே மழை, இன்றைக்கு என்ன கறி, இவ்வளவுதான். ஆனால் கூண்டை விட்டு வெளியே வரும்போது லுசேர்ணே எனக்குச் சொந்தம் போல இருக்கும். அவள் தகப்பனை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள், ஊரில் படிப்பித்தவர். சம்பந்தம் பேசலாம் என்று அவரே வாய் திறந்தார். முறைப்படி கோயில் வாசலில் வைத்து அண்ணையிடம் விசாரித்திருக்கிறார். பிள்ளைக்குக் குடி உண்டா, சிகரெட் உண்டா, மாடு கீடு தின்பானா. குடி இல்லை, சிகரெட் இல்லை, மாடு சாப்பிடுவான் என்று அண்ணை சொன்னார்.

அவ்வளவுதான். அடுத்த தடவை தொலைபேசியை எடுத்தவர் மாஸ்டர். உன் அண்ணையே சொல்லிவிட்டார், இனி எடுக்க வேண்டாம் என்றார். நான் மாட்டை விட்டுவிடுகிறேன் என்று யார் யாரையோ பிடித்துச் சொல்லி அனுப்பினேன். தின்ற வாய் தின்றதுதான் என்று பதில் வந்தது. ஒரே ஒரு முறை அவள் எப்படியோ ஹோட்டலுக்கு எடுத்தாள். அப்பாவை எதிர்க்கத் தன்னால் ஏலாது என்றாள், அழுதாள், வைத்துவிட்டாள். அந்த வருடமே கனடாவுக்குக் கட்டிக்கொண்டு போனாள். நான் கட்டவில்லை. பிறகு வந்த பேச்சுகளுக்கெல்லாம் நானே ஏதாவது நொட்டை சொன்னேன். இப்போது நான் சொன்ன நொட்டைகளையெல்லாம் எண்ணிப் பார்க்க எனக்கே வெட்கம், ஒருத்திக்குக் காது பெரிது என்றிருக்கிறேன்.

மாஸ்டர் அப்படிச் சொன்ன அன்றைக்கே அண்ணைக்குக் கூருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேட்டவர், சொன்னன்," என்றார் அண்ணை. "கோயில் வாசலிலை நிண்டு பொய் சொல்லச் சொல்லுறியோ?"

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்கவில்லை. வருடங்கள் போயின. ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த எங்கள் தங்கச்சி வீட்டில் தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சந்திப்போம். ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவோம். உப்பு வேண்டுமென்றால் பெரியண்ணையிட்டைச் சொல்லி வாங்கு என்று தங்கச்சியிடம் சொல்வேன். உப்பு என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். அவரும் அப்படியே. தங்கச்சி மகள் துளசி பேசப் பழகினதே எங்கள் இருவருக்கும் நடுவில் செய்தி கொண்டு ஓடித்தான் என்று மச்சான் பகிடி பண்ணுவார்.

அந்தத் துளசிக்குச் சாமத்தியவீடு வந்தது. வயதுக்கு வந்த சடங்கு என்றால் சுவிஸில் சடங்கு மட்டும் போதாது, அதற்கு முன்னால் வெளியூரில் வீடியோ எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் அது நோய் மாதிரிப் பரவியிருந்தது. பட்டுச் சேலை, ஒட்டியாணம், பொய்ப் பின்னல் எல்லாம் போட்டுப் பிள்ளையை ஒரு வடிவான இடத்துக்குக் கொண்டுபோய், நடக்கவிட்டு, திரும்பிப் பார்க்கவிட்டு, பாட்டுப் போட்டு மண்டபத்தில் காட்டுவார்கள். லுசேர்ண் மரப்பாலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டாள். இன்னொருத்தி பனிமலையில் சேலையோடு விறைத்துவிட்டாள். தங்கச்சிக்கு ஒருவரும் போகாத இடம் வேண்டும். வார நாட்களில் தபால் பிரிக்கிற வேலையும் சனி ஞாயிறில் வீடியோவும் செய்கிற ஒரு தம்பி, கொல்மார் என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் வேறு ஊரே இல்லையா? ஆனால் தாய்மாமன்மார் இரண்டு பேரும் படத்தில் நிற்க வேண்டுமாம். நான் வரமாட்டேன் என்றால், பெரியண்ணை மட்டும் போதும் என்று ஆகிவிடும். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க நான் தயாரில்லை.

வாடகை வானில் போனோம். மச்சான் ஓட்டினார். முன்னால் அண்ணை, கடைசி வரிசையில் நான், நடுவில் நகைகளோடு துளசியும் தங்கச்சியும். அண்ணை ஜன்னலைத் திறந்தால் எனக்குக் குளிரும். "பெரிய மாமாட்டைச் சொல்லு, பூட்டச் சொல்லி," என்பேன். அவர் தனக்கு மூச்சு முட்டுது என்று சொல்லச் சொல்வார். ஒரு கட்டத்தில் துளசி தலையில் கனகாம்பரத்தோடு, தான் இனி மொழிபெயர்க்க மாட்டேன் என்று சுவிஸ் ஜெர்மனில் கத்தினாள். பாசல் எல்லையில் காவலர்கள் வானுக்குள் எட்டிப் பார்த்து, ஒட்டியாணத்தையும் குத்துவிளக்கையும் வாழைக்குலையையும் கண்டு ஒன்றும் கேட்காமல் விட்டார்கள்.

கொல்மாரில் செஃப் சொன்னது எல்லாமே இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பூச்சட்டிகள் இருந்தன, வாய்க்கால் இருந்தது, கூரையில் நாரைக் கூடு இருந்தது. ஒரு தரம் ஜெர்மன்காரனும் ஒரு தரம் பிரெஞ்சுக்காரனுமாக மாறி மாறிப் பிடித்த ஊர் என்று அவர் சொல்வார். எனக்கென்னவோ இரண்டு பேருமே பூச்சட்டியைப் பார்த்துவிட்டுப் போதும் என்று விட்டுப் போயிருப்பார்கள் என்று பட்டது. பாலத்தில் குத்துவிளக்கை ஏற்றினோம், காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினோம். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே வந்து, வாசலை மறைக்கிறீர்கள் என்று கையை விசிறினார். சீனச் சுற்றுலாக்காரர்கள் எங்களையும் ஊரின் ஒரு பகுதி என்று நினைத்து வரிசையில் நின்று படம் பிடித்தார்கள். துளசிக்கு இரு பக்கமும் நாங்கள் நின்று சரிகைக் குடை பிடிக்க வேண்டும். குடைக்கு ஒரே பிடி. இரண்டு மாமன்மாரும் சேர்ந்து பிடியுங்கோ, சிரியுங்கோ என்று வீடியோத் தம்பி சொன்னான். அண்ணையின் கைக்கு மேல் என் கையை வைத்துச் சிரித்தேன். பல் நொறுங்கச் சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படியே நடந்து, திரும்பிப் பார்த்து, மறுபடி நடந்து, மத்தியானம் தாண்டிவிட்டது. பிரான்ஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிந்தால் கடைக்காரர் அடுப்பை அணைத்துவிடுவார், அழுதாலும் தர மாட்டார். எங்களுக்கு அது கவலையில்லை, நம் சனம் எங்கே போனாலும் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற சனம். தங்கச்சி வான் கதவைத் திறந்து கோழிப் பிரட்டலோடு சோற்றுப் பொட்டலங்களை எடுத்தாள். அண்ணைக்கென்று வேறு சட்டியில் சமைத்து, வேறு பையில் கட்டின சைவப் பொட்டலத்தைத் தேடினாள். காணவில்லை. அது ஷ்லீரனில் மாடிப்படியிலேயே நின்றுவிட்டது. மச்சான் நீ எடுத்தாய் என்று நினைத்தேன் என்றார், அவள் நீங்கள் எடுத்தீர்கள் என்று நினைத்தேன் என்றாள். நான் கோழிக்காலைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன். அண்ணை, தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தார்.

அவருக்குச் சர்க்கரை வருத்தம். பசியில்லை என்றதுதான் பொய் சொல்லாத மனுசன் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கச்சி அழுகிற குரலில், போய்ப் பார் சின்னண்ணை, மயங்கி விழப் போகிறார் என்றாள். எனக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போனேன்.

வாய்க்கால் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தார். மடியில் ஒரு கடதாசித் தட்டு. தெருவில் ஒரு வயதான பெண் விற்றுக்கொண்டிருந்ததை, இறைச்சி, முட்டை இருக்கிறதா என்று ஜெர்மனில் கேட்டு, இல்லை, வெங்காயம் மட்டும்தான் என்று அவள் சொன்ன பிறகு வாங்கியிருக்கிறார். அவளும் பொய் சொல்லவில்லை. அந்த ஊரில் கொழுப்பை யாரும் இறைச்சி என்று கணக்கெடுப்பதில்லை. எனக்கு வாங்கை நெருங்க முன்பே பன்றிக் கொழுப்பு வாசனை வந்துவிட்டது. மாவில் ஒன்று, வெங்காயத்தில் ஒன்று, இரண்டும் தனித்தனியாக வந்தன. அவர் பாதியைச் சாப்பிட்டிருந்தார். முகத்தில் ஒரு நிம்மதி.

உங்களிடம் மறைத்து என்ன பயன், எனக்குப் பரம சந்தோஷம். தலைக்குள் மேளம் கொட்டியது. கோயில் சபைத் தலைவர், முட்டை பிஸ்கட் தொடாதவர், என் வாழ்க்கையில் மண் அள்ளிப் போட்டவர், பன்றிக் கொழுப்பை ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். முன்னால் போய் நின்றுகொண்டு பார்த்தேன். செய்தி கொண்டு ஓடத் துளசி பக்கத்தில் இல்லை. அவர் நிமிர்ந்தார்.

"ஏன் அப்பிடிப் பாக்கிறாய்?" என்றார். அத்தனை வருடத்தில் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

கேட்கட்டும் என்று காத்திருந்தேன். கேட்டால்தானே சொல்ல வேண்டும். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கிச்சன்காரன் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"இதுக்குள்ளை ஏதும் மச்சம் மாமிசம் இருக்கோ?"

"பண்டிக் கொழுப்பு," என்றேன். "மாவிலையும் இருக்கு, வெங்காயத்திலையும் இருக்கு."

அவர் துப்புவார் என்று நினைத்தேன். வாய்க்காலில் எறிவார், விரலைத் தொண்டைக்குள் விடுவார், சிவசிவா என்று நெஞ்சில் அடிப்பார், இதில் ஒன்றையாவது பார்த்துவிட்டு வானுக்குத் திரும்பலாம் என்று நின்றேன். வாய்க்காலில் சுற்றுலாப் படகு ஒன்று போனது, அதிலிருந்த யாரோ எங்களுக்குக் கை காட்டினார்கள். பிறகு அண்ணை மற்றப் பாதியைக் கையில் எடுத்துக் கடித்தார். அவசரமில்லாமல் மென்றார். ஓரத்து மாவு வரைக்கும் முடித்தார். தட்டில் ஒட்டியிருந்த வெங்காயத்தையும் வழித்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துவிட்டு எழும்பினார்.

"இனி ஆரும் என்னைப் பற்றி உன்னட்டைக் கேட்டால், சொல்லு," என்றார்.

சொல்லிவிட்டு வானை நோக்கி நடந்தார். நான் அந்த வாங்கில் இருந்து அவர் முதுகைப் பார்த்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இது மன்னிப்பாம். மன்னித்துக்கொள் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த மனுசனுக்கு வாய் வராது, ஆனால் பன்றிக் கொழுப்பு உள்ளே போகும். என்னை என்ன செய்தாரோ அதைத் தனக்கும் செய்துகொண்டாராம், கணக்குச் சரியாம். அவருக்குப் போனது ஒரு விரதம். எனக்குப் போனது ஒரு மனுசி. இரண்டும் ஒன்றா? அன்றைக்குத் தட்டை அவர் எறிந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன் என்றுகூட நினைக்கிறேன். தின்று முடித்ததால்தான் மன்னிக்க முடியவில்லை.

சடங்கன்று மண்டபத்தில் தாய்மாமன் முதல் மாலை போட வேண்டும். ஐயர் அண்ணையைக் கூப்பிட்டார். அவர் நாரி நோவாக இருக்கிறது, குனிய ஏலாது, தம்பி போடட்டும் என்று கடைசி வரிசைக் கதிரையில் போய் இருந்துகொண்டார். விளக்கையும் தொடவில்லை. அடுத்த மாதம் கோயில் சபைத் தலைமையை விட்டார், மூலஸ்தானத்துப் பக்கம் போவதையும் விட்டார், வாசலில் செருப்பு அடுக்குகிற இடத்தில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். வருத்தக்காரன், வயது போகிறது என்று எல்லோரும் அவர்களாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் நாங்கள் சேர்ந்துகொள்ளவில்லை. வா, இரு, வாறன், போறன், அவ்வளவுதான். உப்பை மட்டும் நேராகக் கேட்கத் தொடங்கினோம். செஃப் ஓய்வு பெற்றுக் கொல்மாருக்கே போனார், போகும்போது எனக்குக் கை கொடுத்து நன்றி ராஜா என்றார். ஹோட்டல் கைமாறி, கிச்சனை உடைத்து வேறாகக் கட்டினார்கள். ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டுகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. துளசி படித்து, வேலைக்குப் போய், ஒரு வெள்ளைக்காரப் பிள்ளையைக் கட்டினாள். சம்பந்தம் பேச வந்த அவனுடைய தாய் தகப்பன் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளைக்குக் காரம் குறைத்துச் சமைக்க முடியுமா என்பதுதான்.

போன வருடம் அண்ணை போனார். கூரில், அவர் வேலை செய்த மாதிரியான ஒரு இல்லத்தில், வேறு யாரோ குளிக்க வார்த்து. தகனத்துக்கு முன் மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பழைய சனம் நிறைய வந்திருந்தது. நான் தலைமாட்டில் நின்றேன், அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவன் நான்தான். அப்போது மாஸ்டர் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். எவ்வளவோ வருடம் கழித்து அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிறேன். மெலிந்து, காது மங்கி, கோட்டுக்குள் காணாமல் போயிருந்தார். அவரை இரங்கலுரைக்குக் கூப்பிட்டிருந்தார்களாம். என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னை யாரென்று நினைவிருந்ததா என்று தெரியாது.

"நான் ரெண்டு வார்த்தை கதைக்க வேணும், தம்பி. உன்ரை அண்ணை கடைசி வரைக்கும் சுத்த சைவம் தானே? அதை முதலிலை சொல்லுவம் எண்டு இருக்கிறன்."

கேட்டுவிட்டார். எத்தனை பேரிடம் எதிர்பார்த்துக் கிடந்த கேள்வி. அண்ணை முகத்தைப் பார்த்தேன். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், அது நல்லவர்கள் செய்கிற வேலை.

"இல்லை மாஸ்டர்," என்றேன். "கொல்மாரிலை பண்டிக் கொழுப்புச் சாப்பிட்டவர். தெரிஞ்சு சாப்பிட்டவர்."

காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரத்துச் சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் சிரித்தார். பல்லில்லாத, பகையில்லாத சிரிப்பு.

"அதுக்கென்ன தம்பி. இப்ப ஆர் உதுகளைப் பாக்கினம்? கனடாவிலை என்ரை மகளின்ரை பெடியன் சினேகிதரோடை சேர்ந்து மாட்டு பர்கர் கடையெல்லோ போட்டிருக்கிறான். நல்லா ஓடுது." என் கையைத் தட்டிக்கொடுத்தார். "சரி, அப்ப சைவத்தை விட்டிட்டு, கோயில் தொண்டைச் சொல்லுறன்."

தடியை ஊன்றிக்கொண்டு மைக் பக்கம் போனார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு மகள்.

நான் நின்ற இடத்தில் நின்றேன். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது, ஆனால் அடிக்க அவரில் ஒன்றும் மிச்சமில்லை. மண்டபம் முழுக்கப் பார்த்தேன். இளம் பெடியன்கள் கறுப்புக் கோட்டோடு நின்றார்கள், அவர்களிடம் போய், மாடு சாப்பிட்டதால் ஒருவனுக்குக் கலியாணம் நின்றது என்று சொன்னால் பகிடி என்று நினைப்பார்கள். கேட்ட மனுசனுக்கே கேட்டது நினைவில்லை. எங்கள் இரண்டு பேரின் வாழ்நாளையும் தின்ற அந்தக் கேள்வி, யாருக்கும் தெரியாமல், யாரிடமும் சொல்லாமல் உலகத்தை விட்டுப் போயிருக்கிறது. அதை உயிர் போகிற காரியமாக எடுத்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். ஒருவர் நெற்றி நிறையத் திருநீற்றோடு பெட்டிக்குள் கிடந்தார். மாஸ்டர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்புங்கோ அண்ணை, எழும்பி இந்த மனுசனுக்கு ஒரு பதில் சொல்லுங்கோ என்று நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் கத்தினேன்.